யாழ்ப்பாணம் டவுணுக்கு வெளியே றூம் எடுக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

கொக்குவில் பக்கம் ஒரு சின்ன விடுதியில் சாவியும் கணக்கும் பார்க்கிறவன் நான். தூரத்தில் தங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் விடுதியின் பெயரை மட்டும் கேட்க வேண்டாம், விளம்பரத்துக்கு வரவில்லை.

கே: கொழும்பில் இருந்து குடும்பமாக வருகிறோம் அண்ணை. சுன்னாகத்தில் மலிவாக ஒரு விடுதி கிடைத்திருக்கிறது. பழைய நகரம், அதாவது கோட்டைப் பக்கம், அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் என்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம். கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள், றோட்டைப் பாருங்கள். காங்கேசன்துறை வீதியோரம் விடுதி என்றால் வாசலில் நின்று கையைக் காட்ட பஸ் நிற்கும். இணுவில், கோண்டாவில், கொக்குவில் தாண்டி நேரே டவுணில் இறக்கிவிடும். டவுணில் இருந்து மூன்றே கிலோமீற்றர் என்று போட்டுவிட்டு ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் போகிற விடுதியை எடுத்தீர்களோ, ஒரு தேத்தண்ணி குடிக்கவும் ஓட்டோ பிடிக்க வேண்டும், றூமில் மிச்சம் பிடித்த காசு முழுக்க அதிலேயே போய்விடும். அதோடு வடக்கே கீரிமலை, மாவிட்டபுரம் போகிற எண்ணம் இருந்தால் சுன்னாகத்தில் நிற்கிற நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்தாயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பொழுதுபட்ட பிறகு பஸ்ஸை நம்பி டவுணில் நிற்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விடுதிக்காரரிடமே கேளுங்கள்.

கே: ஓட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள்?

ஏறமுதல் பேசுங்கள். இறங்கின பிறகு பேசிப் பிரயோசனமில்லை.

கே: நெடுந்தீவுக்கும் போக வேண்டும். சுன்னாகத்தில் இருந்தே போய்வரலாமா?

இதற்கு மட்டும் டவுணில் ஒரு இரவு தங்குங்கள். நெடுந்தீவுப் படகு ஏறுகிற துறை குறிகட்டுவான்; அங்கே போகிற பஸ் டவுணில் இருந்துதான் வெளிக்கிடும், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று ஆறுதலாகத்தான் போகும். காலைப் படகை விட்டால் அன்றைய பயணம் போச்சு.

கே: நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம்.

25 நாள் திருவிழா. தேர், தீர்த்தம் வருகிற கடைசி நாட்களுக்கு இப்போதே றூம் சொல்லி வையுங்கள். கோயிலைச் சுற்றி வீதிகளை அடைத்துவிடுவார்கள், அதனால் பக்கத்தில் றூம் எடுத்தவரும் நடக்கத்தான் வேண்டும். ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், திருவிழா இல்லாத நாளிலும் அப்படித்தான்.

கே: அண்ணை, பழைய நகரம் என்றால் கோட்டையா? நல்லூர் அல்லவா யாழ்ப்பாண அரசர்களின் ராசதானி?

கோட்டை என்றது முதலில் கேட்டவர், நான் இல்லை. நீங்கள் சொல்வது சரி. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர்தான் அதிகாரத்தை நல்லூரில் இருந்து கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் கட்டின கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலைக் கோட்டையாகத் திரும்பக் கட்டினார்கள்.

கே: நல்லூரில் பார்க்க என்ன மிச்சம்? கோட்டையாவது கண்ணுக்குத் தெரிகிறது.

பழைய கோயிலை இடித்த போர்த்துக்கேயரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. இப்போதுள்ள கந்தசுவாமி கோயில் 1734இல் வேறு இடத்தில் எழுந்தது. முத்திரைச்சந்திப் பக்கம் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் பெயரிலுள்ள தோரண வாசல் நிற்கிறது, யமுனா ஏரி இருக்கிறது, மந்திரிமனை கொஞ்சம் தள்ளி. எல்லாவற்றையும் ஒரு காலையில் நடந்தே பார்க்கலாம். கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மதிலில் ஏறிப் படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள்.

கே: அப்போ நல்லூரே பழசு என்று முடிவா?

முடிவென்று யார் சொன்னது? இரண்டையும் விடப் பழசு கந்தரோடை. ராசதானிக்கும் பல நூற்றாண்டு முந்தின இடம். வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் 1910களில் அங்கே ஆராய்ந்தார், ரோமானிய நாணயங்கள்கூடக் கிடைத்த இடம். சின்னச் சின்னக் கல் தூபிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அது எங்கே இருக்கிறது? சுன்னாகத்துக்குப் பக்கத்தில். முதலில் கேட்ட கொழும்புக்காரர் காலைச் சாப்பாடு முடித்து ஓட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கோட்டையடியில் றூம் எடுத்தவர்தான் தூரம் வர வேண்டும்.

கே: உரும்பிராயில் ஒரு விடுதி, டவுணுக்குத் தூரமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மானிப்பாயில் என்றால்?

றோட்டு, பஸ், முதல் பதில். ஊர் ஊராகக் கேட்டால் விடியும் மட்டும் இருக்க வேண்டும்.

கே: தண்ணீர் எப்படி?

நிலமே சுண்ணாம்புக்கல், கேத்தலில் வெள்ளையாகப் படியும், தலைமுடி சிக்கெடுக்கும். குடிக்கப் போத்தல் வாங்குங்கள்.

கே: பலாலி விமான நிலையத்துக்கு எது கிட்ட, டவுணா சுன்னாகமா?

சுன்னாகம். விடியற்காலைப் பயணம் என்றால் முதல்நாளே ஓட்டோ சொல்லி வையுங்கள், அந்த நேரத்திலும் பஸ்ஸை நம்பாதீர்கள்.