வாசகர் கேள்வி பதில்: பேரூராட்சித் தேர்தல்

பேரூராட்சித் தேர்தல் தொடர்பாக வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கி விடையளித்திருக்கிறேன். எந்தக் கட்சி எத்தனை வார்டுகளைப் பிடிக்கும் என்று கேட்டிருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தக் கணக்கைத் தேநீர்க் கடைகள் என்னைவிட நன்றாகப் போடுகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் என் அக்காள் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். 2019 டிசம்பரில் அக்காள் வீட்டார் நான்கு சீட்டுகள் வாங்கி வாக்களித்தனர். எங்களுக்குத் தேர்தலே இல்லை. 2022-இல் நாங்கள் ஒரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்தோம். அவர்களுக்குத் தேர்தல் இல்லை. இது ஏன்? (வாசகர், அருமனை)

பதில்: நீங்கள் பேரூராட்சியில் இருக்கிறீர்கள், உங்கள் அக்காள் கிராம ஊராட்சியில் இருக்கிறார். கிராம ஊராட்சி வாக்காளர் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய நால்வரைத் தேர்ந்தெடுக்கிறார். அதனால்தான் அவருக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் பிரித்து நான்கு சீட்டுகள் தரப்பட்டன. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சியைச் சேர்ந்தது என்பதால் ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் உங்களுக்கு இல்லை. தலைவரையும் நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எஞ்சுவது வார்டு உறுப்பினர் ஒருவர். அவருக்கு ஒரு பொத்தான்.

இந்தக் குழப்பம் நம் மாவட்டத்தில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022-இல் தமிழகத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்ட 490 பேரூராட்சிகளில் 51 குமரி மாவட்டத்தில் இருந்தன. கிராம ஊராட்சிகளோ 95 மட்டுமே. பிற மாவட்டங்களில் ஓர் ஊர் முடிந்து, வயல்வெளி கடந்து, அடுத்த ஊர் தொடங்கும். இங்கே தோட்டத்துக்குள் வீடும் வீட்டைச் சுற்றி விளை எனப்படும் தோப்புமாக ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. எல்லைக்கோடு ஒரு சாலையின் நடுவே ஓடுவதும், அக்காளும் தம்பியும் இரு வேறு சட்டங்களின் கீழ் வாழ்வதும் அதனால் நேர்கின்றன.

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் ஒரே வாக்குச்சாவடிக்குச் சென்ற எங்கள் குடும்பம், பேரூராட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளாகப் பிரிந்துவிட்டது. யாரிடம் முறையிடுவது? (வாசகி, குலசேகரம்)

பதில்: தேர்தலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நாள் வாக்குப்பதிவு நாள் அல்ல, வாக்காளர் பட்டியல் வெளியாகும் நாளே என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. ஆனால் மாநில ஆணையம் தனக்கென்று வீடுவீடாகச் சென்று பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள பெயர்களை வார்டுவாரியாகப் பிரித்து அடுக்குகிறது. தெருக்கள் நேராகவும் கதவு எண்கள் வரிசையாகவும் உள்ள ஊர்களில் இந்தப் பிரிப்பு எளிது. விளைக்குள் வீடும், சொத்தைப் பாகம் பிரித்தபின் முன்வீட்டுக்கு ஓர் எண்ணும் பின்வீட்டுக்குத் தொடர்பற்ற வேறோர் எண்ணும் உள்ள நம் ஊர்களில், மேசையில் அமர்ந்து பிரிக்கும் ஊழியர் தடுமாறுவது இயல்பு. அதன் விளைவாகத் தந்தை ஒரு வார்டிலும் மகன் மற்றொரு வார்டிலும் வாக்காளர்களாகிவிடுகிறார்கள்.

வார்டு மாறியிருந்தால், பட்டியல் பேரூராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டவுடன் செயல் அலுவலரிடம் கதவு எண்ணையும் வீட்டு வரி ரசீதையும் காட்டி எழுத்தில் கேளுங்கள். பெயரே இல்லையென்றால் முதலில் சட்டமன்றப் பட்டியலில் சேர வேண்டும். அதில் இடம்பெறாத பெயர் இதில் வராது. வாக்குப்பதிவு அன்று காலை சாவடி வாசலில் நின்று வாதிடுவதால் எந்தப் பயனும் கிட்டாது. சில நூறு வாக்குகளே உள்ள ஒரு வார்டில் இடம் மாறிய பத்துப் பெயர்கள் முடிவையே மாற்றிவிடும் என்பதை வேட்பாளர்கள் அறிந்திருக்கிறார்கள். வாக்காளர்கள்தாம் இன்னும் அறியவில்லை.

கேள்வி: நான் எந்தக் கட்சியிலும் இல்லை. சுயேச்சையாகப் போட்டியிட என்ன வேண்டும்? மகளிர் வார்டில்தான் நிற்க முடியுமா? (வாசகி, திருவட்டாறு)

பதில்: இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தப் பேரூராட்சியின் ஏதேனும் ஒரு வார்டில் உங்கள் பெயர் இருந்தால் போதும், வேறு வார்டிலும் போட்டியிடலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வேட்புமனுவுடன் கட்டும் வைப்புத்தொகை 2022-இல் 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. உள்ளாட்சிக்கு வரிப் பாக்கி வைத்திருப்பதும், பேரூராட்சியின் ஒப்பந்த வேலையைக் கையில் வைத்திருப்பதும் மனுவுக்குக் கேடு. மனு பரிசீலனையின்போது எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இவற்றைத்தான். சுயேச்சைகளுக்கெனத் தனியே வைத்திருக்கும் சின்னங்களிலிருந்து ஒன்று உங்களுக்கு ஒதுக்கப்படும்.

2016-இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி இடங்களில் பாதி மகளிருக்கு உரியவை. மற்றப் பாதி ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்று பலரும் நினைப்பதுபோல் நீங்களும் நினைத்துவிட வேண்டாம். பொது வார்டு என்பது பொதுவானது. அங்கே பெண்ணும் நிற்கலாம், நின்று வென்றவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கமிட்டி கூடி, இந்த முறை இன்னார்தான் மெம்பர், வேறு யாரும் மனு கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டது. இது செல்லுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தோவாளை வட்டம்)

பதில்: செல்லாது. கோயில் கமிட்டியோ, தேவாலயப் பங்குப் பேரவையோ, ஜமாஅத்தோ, சமுதாய அமைப்போ தன் உறுப்பினருக்கு ஓர் ஆலோசனை சொல்லலாம். மனு கொடுப்பவரைத் தடுக்கும் உரிமை எதற்கும் கிடையாது. ஊரைவிட்டு ஒதுக்கிவைப்போம், ஊர் வரி வாங்கமாட்டோம் என்று மிரட்டினால் அது தேர்தல் குற்றம். சட்டத்தின் கண்ணில் போட்டியின்றித் தேர்வு என்பது, திரும்பப்பெறும் நேரம் முடிந்தபின் முறையான மனு ஒன்று மட்டுமே மிஞ்சியிருப்பதாகும். ஒருமனதான முடிவால் ஊரில் சண்டை குறைகிறது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த ஒருமனதுக்குள் பெண்களின் மனமும் வாடகை வீட்டில் குடியிருப்போரின் மனமும் கேட்கப்பட்டனவா என்று நான் கேட்ட இடங்களில் எனக்கு விடை கிடைத்ததில்லை.

கேள்வி: 2011-இல் எங்கள் பேரூராட்சித் தலைவரை நாங்களே தேர்ந்தெடுத்தோம். 2022-இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். எது சரி? எல்லைக்கு அப்பால் கேரளத்தில் எப்படி? (வாசகர், களியக்காவிளை)

பதில்: இது அரசுகள் மாற்றி மாற்றி எழுதிய கதை. 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மறைமுகத் தேர்தல். 2011-இல் மீண்டும் நேரடி. 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுகம். 2022-இல் பிப்ரவரி 19 அன்று நாம் வாக்களித்தோம். 22 அன்று எண்ணினார்கள். மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். தலைவர் யார் என்பது மார்ச் 4 அன்று மன்றக் கூடத்துக்குள் முடிவாயிற்று. பதினைந்து வார்டுகள் உள்ள ஒரு பேரூராட்சியில் எட்டுப் பேரின் சம்மதம் போதும். பிப்ரவரி 22-க்கும் மார்ச் 4-க்கும் இடைப்பட்ட அந்தப் பத்து நாள்களில் நடப்பவற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை. சுயேச்சை உறுப்பினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் நிற்கும் வாகனங்களை எண்ணினாலே விளங்கும். கூட்டணிக்கு ஒதுக்கப்பட்ட பதவிகளைத் தம் கட்சியினரே போட்டியிட்டுக் கைப்பற்றியதால், அவர்கள் விலக வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிக்கை வெளியிட நேர்ந்ததும் அந்த மார்ச் மாதத்தில்தான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தலைவர் பதவிக்கும் இட ஒதுக்கீடு இருக்கிறது. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு பேரூராட்சியில் அந்தப் பிரிவைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் மட்டுமே வென்றிருந்தால், அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் தலைவர் அவரே. ஆகவே உங்கள் ஊரின் தலைவர் பதவி எந்தப் பிரிவுக்கு என்ற அரசாணையைப் படிக்காமல் வார்டுக் கணக்கைப் போடுவது வீண்.

கேரளத்திலும் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. அங்கே உறுப்பினர் தம் வாக்குச்சீட்டின் பின்புறம் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும். இங்கே வாக்கு மறைவானது. அங்கே உள்ளாட்சி உறுப்பினர்களுக்கென்று 1999-இல் இயற்றிய கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. இங்கே அப்படியொன்று இல்லை. நேரடித் தேர்தலில் வென்ற தலைவருக்கு எதிரான உறுப்பினர்கள் பெரும்பான்மையாக அமைந்தால் ஒவ்வொரு தீர்மானமும் முடங்கிப்போகும் என்பதை 2011-க்குப் பின் சில ஊர்களில் நான் கண்டிருக்கிறேன். எனவே மறைமுகத் தேர்தலை முற்றாகப் பழிக்கமாட்டேன். எனினும் மறைமுகத் தேர்தலை வைத்துக்கொண்டு, அதைக் காக்கும் கையொப்பத்தையும் தாவல் தடையையும் வேண்டாமென்று விட்டது, கதவைப் பொருத்திவிட்டுத் தாழ்ப்பாளை மறந்த வேலைதான்.

கேள்வி: ஆழ்கடல் தொழிலுக்குச் சென்றால் கரை திரும்பப் பல வாரங்கள் ஆகும். அஞ்சல் வாக்கு உண்டா? நோட்டா உண்டா? (வாசகர், மணவாளக்குறிச்சி)

பதில்: மீன்பிடித் தொழிலாளருக்கு அஞ்சல் வாக்கு இல்லை, நேரில்தான் வர வேண்டும். 2022 உள்ளாட்சித் தேர்தலில் நோட்டாவும் இல்லை.

கேள்வி: தோற்றுவிட்டேன். வைப்புத்தொகையும் போயிற்று. இன்னமும் தேர்தல் செலவுக் கணக்குக் கொடு என்று கடிதம் வருகிறது. கொடுக்காவிட்டால் என்ன? (வாசகர், கருங்கல்)

பதில்: பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் வைப்புத்தொகையை இழப்பார், அதனால் கணக்குக் கொடுக்கும் கடமை நீங்கிவிடாது. பேரூராட்சி வார்டுக்குச் செலவு வரம்பு 2022-இல் 17,000 ரூபாயாக இருந்தது. முடிவு வெளியான முப்பது நாள்களுக்குள் வென்றவரும் தோற்றவரும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டுகளுக்குப் போட்டியிடத் தகுதி இழக்க நேரும். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. எனவே அடுத்த தேர்தலில் நிற்க எண்ணினால், தகுதியிழப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதைத் தகுதியிழப்பு ஆணையின் நகலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணை இன்னும் வரவில்லையென்றால், சுவரொட்டி அச்சடித்த ரசீதையும் ஒலிபெருக்கி வாடகைச் சீட்டையும் சேர்த்து, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி, இன்றே செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.