வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்குள்ள கதைச்சதும் சட்டத்துக்குள்ள வருமோ?

கேள்வி: நான் யாழ் பல்கலைக்கழகத்தில சட்டம் படிக்கிறன். ஹார்ட், ஃபுல்லர் எண்ட ரெண்டு சட்டத் தத்துவப் பேராசிரியர்மார், கேவலமான சட்டமும் சட்டமோ எண்டு எங்கட அம்மம்மா காலத்தில பிடிச்ச சண்டையைப் பாடமாக்கச் சொல்லினம். பேஸ்புக், ரிக்ரொக் காலத்தில ஊடகச் சட்டத்துக்கு உதால என்ன பிரயோசனம் சேர்? (மாணவி, பருத்தித்துறை)

பதில்: தங்கச்சி, நீங்கள் பாடமாக்கிற அந்தச் சண்டைக்குள்ள இருக்கிற வழக்கே ஒருத்தன் வாய்விட்டுக் கதைச்ச வழக்குத்தான். 1944இல ஒரு ஜேர்மன் படைவீரன் லீவில வீட்டை வந்து, மனிசிக்கு முன்னால ஹிட்லரைப் பற்றித் தாறுமாறா ஏதோ சொல்லிப்போட்டான், மனிசிக்கு அவனை எப்பிடியாவது கழட்டிவிடவேணும் எண்ட எண்ணம் ஏற்கனவே இருந்தது, போய் அறிவிச்சிட்டா. மரண தண்டனை எண்டு தீர்ப்பு, பேந்து அதை நிறைவேற்றாம போர்முனைக்கு அனுப்பிவிட்டாங்கள். 1949இல மேற்கு ஜேர்மனியில அந்த மனிசிக்கு மேல வழக்கு வந்தது. அப்ப இருந்த சட்டப்படிதானே நான் செய்தனான் எண்டது அவவின்ர வாதம். நீதிமன்றம் ஏற்கேல்ல, குற்றவாளி எண்டு தீர்த்தது.

1958இல ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையில ஹார்ட் இதை எடுத்து எழுதினார்: எவ்வளவு கேவலமா இருந்தாலும் அந்த நாசிச் சட்டமும் சட்டம்தான், அவவைத் தண்டிக்கிறதெண்டா பின்னோக்கிச் செல்லுபடியாகிற ஒரு சட்டத்தை வெளிப்படையாப் போட்டுச் செய்யுங்கோ, மூடி மறைக்காதேங்கோ எண்டு. ஃபுல்லர் விடேல்ல. முதல்ல அந்தச் சட்டத்தில என்ன எழுதிக்கிடக்கு எண்டு வாசியுங்கோ எண்டார். 1934இல வந்த அந்தச் சட்டம் பிடிச்சது பொதுவெளியில சொன்னதை, இல்லாட்டி பொதுவெளிக்குப் போகும் எண்டு தெரிஞ்சிருக்கவேண்டிய ஆள் சொன்னதை. வீட்டுக்குள்ள மனிசியோட கதைச்சதை அதுக்குள்ள இழுத்துப் போட்டவையே நீதிபதியள்தான், எழுத்தில இருக்கிறதையே மதிக்காத இடத்தில அதைச் சட்டம் எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டார்.

இப்ப உங்கட போனை எடுத்துப் பாருங்கோ. குடும்ப வாட்ஸப் குறூப்பில நாப்பது பேர், பாதிப்பேர் கனடாவில, லண்டனில. அது வீடோ, சந்தையோ? அதே கேள்விதானே தங்கச்சி. இண்டைக்கு ஊடகச் சட்டம் எழுதுறவைக்கு நித்திரையைக் கெடுக்கிற கேள்வியளில இதுவும் ஒண்டு.

ஃபுல்லர் பிறகு 1964இல, சட்டம் எண்டா அதுக்கு எட்டுத் தகுதி வேணும் எண்டு எழுதினார். அதில ஒண்டு தெளிவு: வாசிக்கிற சாதாரண சனத்துக்கு எது செய்யலாம் எது செய்யேலாது எண்டு விளங்கவேணும். எங்கட நாட்டில இணையத்தில போடுறதைக் கட்டுப்படுத்துற 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருக்கா வாசியுங்கோ. எது பொய்க்கூற்று எண்டு முடிவெடுத்து நீக்கச் சொல்லுறதுக்கு ஒரு ஆணைக்குழு, எழுதினவருக்கு மட்டுமில்லாம தளத்துக்காரருக்கும் அறிவித்தல் போகலாம். ஜாக் பால்கின் எண்ட அமெரிக்கப் பேராசிரியர் 2018இல இதைத்தான் முக்கோணம் எண்டு எழுதினார். முந்தி அரசாங்கம் ஒரு பக்கம், எழுதுறவர் மற்றப் பக்கம். இப்ப நடுவில கொம்பனி. அரசாங்கம் உங்களைத் தொடத் தேவையில்லை, கொம்பனியைப் பிடிச்சு ஒரு உலுப்பு உலுப்பினாக் காணும், அது தன்ர பாதுகாப்புக்காகத் தேவைக்கு மேலாலயே அழிச்சுத் தள்ளிவிடும். உங்களுக்கோ ஆர் அழிச்சது, ஏன் அழிச்சது எண்டும் தெரியாது, அப்ப ஆருக்கு மேல வழக்குப் போடுறது?

சட்டம் தெளிவில்லாட்டி சனம் எல்லைக்குக் கிட்டவும் போகாது, தூரத்திலயே வாயை மூடிக்கொள்ளும் எண்டு ஃபிரெடரிக் ஷோவர் எண்ட அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1978இலயே விளக்கிப்போட்டார். ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபரில யாழ்ப்பாணத்தில வீட்டில வைச்சுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள்ள புகுந்து சுட்டதில ரெண்டு ஊழியர் செத்தவை. இதெல்லாம் கண்ட ஊரில பயம் சட்டப் புத்தகத்தால மட்டும் வந்ததில்லை. அதாலதான் சொல்லுறன், இங்க எழுதுற சட்டம் மற்ற இடங்களை விடத் தெளிவா இருக்கவேணும். ஏற்கனவே பயந்த சனம் தெளிவில்லாத வசனத்தை எப்பவும் தனக்கு எதிராத்தான் வாசிக்கும்.

கேள்வி: இனத்துவேசம் கக்கிற போஸ்டுகளைத் தடை செய்தா என்ன பிழை? அதுக்கும் கருத்துச் சுதந்திரம் எண்டு ஏன் வக்காலத்து வாங்கினம்? (வாசகர், நல்லூர்)

பதில்: உங்கட கோவம் எனக்கு விளங்குது. ஜெரமி வோல்ட்ரன் எண்ட சட்டத் தத்துவப் பேராசிரியர் 2012இல இதுக்காகவே ஒரு புத்தகம் எழுதினவர். அவர் கேக்கிறது, துவேசம் எழுதிக்கிடக்கிற றோட்டால தன்ர பிள்ளையளோட நடந்து போற தகப்பனைப் பற்றி. அந்தப் பிள்ளையளுக்கு இது உங்கட ஊரும்தான் எண்ட உறுதியைக் குடுக்கிறது ஒரு பொதுச் சொத்து, அதைச் சிதைக்கிறவனைச் சட்டம் தடுக்கலாம் எண்டு சொல்லுறார். றொனால்ட் டுவோர்கின் எண்ட அமெரிக்கச் சட்டத் தத்துவப் பேராசிரியர் மறுபக்கம்: ஒருத்தன்ர வாயை முழுசா அடைச்சுப்போட்டு, பேந்து அவனுக்கு எதிராப் போடுற பாரபட்சத் தடைச் சட்டத்துக்கு அவனும் கட்டுப்படவேணும் எண்டு கேக்கிற நியாயம் குறைஞ்சுபோகும் எண்டார்.

என்ர மனம் வோல்ட்ரன் பக்கம்தான். ஆனா இஞ்ச நடந்ததைப் பாருங்கோ. துவேசத்தைத் தூண்டுறதுக்கு எதிரா 2007இல வந்த ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின்ர 3ஆம் பிரிவில 2019இல பிடிபட்டவர் சக்திக சத்குமார எண்ட சிறுகதை எழுத்தாளர், நாலு மாசம் போல உள்ளுக்க இருந்தவர். 2020இல பயங்கரவாதத் தடைச் சட்டத்தில அஹ்னாப் ஜஸீம் எண்ட இளம் கவிஞரைப் பிடிச்சவை, தமிழ்க் கவிதையளுக்காக. 2021 கடைசியில பிணை, 2023 டிசம்பரில விடுதலை. துவேசக்காரனுக்கு எண்டு செய்த கத்தி கதை எழுதுறவனைத்தான் வெட்டினது. வோல்ட்ரன் சொல்லுற சட்டம் இங்க வேணுமெண்டா, தூண்டுறதால என்ன நடக்கப் போகுது எண்டதை அரச தரப்பு காட்டவேணும், பிணை குடுக்கிறது நீதவான்ர கையில இருக்கவேணும். அது இல்லாம எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: எங்கட ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில ஒரு அக்காவின்ர முந்தின கலியாணம் குழம்பின கதையைப் போட்டிட்டாங்கள். கேட்டா "உண்மையைத்தானே போட்டனாங்கள்" எண்டுறாங்கள். (வாசகி, சாவகச்சேரி)

பதில்: உண்மை எண்டது மட்டும் காணாது தங்கச்சி. இங்கிலாந்திலயெண்டா காணும். எங்கட நாட்டில அவதூறுக்கு உரோமன் டச்சுச் சட்டம், அதில உண்மையாவும் இருக்கவேணும், வெளியிட்டதால பொதுசனத்துக்கு நன்மையும் இருக்கவேணும். அந்த அக்காவின்ர கலியாணம் குழம்பினதால ஊருக்கு என்ன நன்மை? பிரதேச சபைக் காசில கை வைச்சவரைப் பற்றிப் போட்டா அது வேறை கதை. ரெண்டு வருசத்துக்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடலாம், தாமதிக்காம ஒரு சட்டத்தரணியிட்டைப் போங்கோ, ஸ்கிறீன் சொட் எடுத்து வையுங்கோ, திகதியும் லிங்கும் தெரியக்கூடிய மாதிரி. குற்றவியல் அவதூறை 2002இல எடுத்தாச்சு, அதால அவதூறுக்கு மட்டும் ஆளைப் பிடிச்சு உள்ளுக்குப் போடேலாது.

கேள்வி: ஊடக சுதந்திரம் எண்டா பத்திரிகைக்காரருக்குத்தானே, எங்களுக்கென்ன? (வாசகர், காரைநகர்)

பதில்: அப்பிடியில்லை ஐயா. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரெண்டு நிப்பாட்டினதுக்கு, அதில பங்குபற்றிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவருக்குச் சார்பாத் தீர்ப்புச் சொன்னார், 1996 சட்ட அறிக்கையில இருக்கு. அரசியலமைப்பில பேச்சுச் சுதந்திரத்தைச் சொல்லுற 14(1)(அ) உறுப்புரையில அந்த நேயருக்கும் உரிமை இருந்தது. தகவல் பெறுற உரிமையைத் தாற, 2015இல வந்த 14அ உறுப்புரையும் 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டமும் உங்களுக்கும்தான். உங்கட றோட்டுக்கு ஒதுக்கின காசு எங்க போனது எண்டு கேட்டு நீங்களே பிரதேச செயலகத்தில விண்ணப்பம் குடுக்கலாம்.