நான்கு மூலையும் இழுபட்டால் லென்ஸைத் திட்டாதீர்கள்

கேள்வி: சோனி ஏ7 மார்க் 2 கேமரா வைத்திருக்கிறேன். லைக்கா எம் மவுண்டுக்கான ஃபோக்ட்லாண்டர் 21 மி.மீ. எஃப்/4 கலர் ஸ்கோபார் லென்ஸை ஆன்லைன் வியாபாரி ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கூடவே அதை சோனியில் மாட்ட அவரிடமே ஒரு மலிவு அடாப்டரும். செங்கல் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தேன். நடுவில் பளிச்சென்று இருக்கிறது, மூலைகள் இழுபடுகின்றன, ஓரங்களில் ரோஸ் நிறம் வேறு. “ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் எல்லாம் அப்படித்தான் சார், அதுதான் அதோட கேரக்டர்” என்கிறார் வியாபாரி. ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், ஆனால் 15 சதவீதம் பிடித்துக்கொள்வாராம். லென்ஸ் நல்லதா, கெட்டதா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் லென்ஸ் நல்லதாகத்தான் இருக்கும், உங்கள் கேமராவோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் இதை நீங்களே சோதித்து உறுதி செய்துகொள்ளும் வரை வியாபாரியிடம் வாயைத் திறக்காதீர்கள். “லென்ஸ் நல்லாத்தான் இருக்கு போல” என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டால், பிறகு உண்மையாகவே கோளாறு தெரிந்தாலும் அந்த ஒரு வரியைக் காட்டியே மடக்கிவிடுவார்கள்.

முதலில் காரணம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் லைக்கா எம் போன்றவை) எஸ்எல்ஆரில் இருப்பது போல் கண்ணாடி எழும்பி இறங்குவதில்லை. அதனால் உங்கள் 21 மி.மீ. போன்ற வைட் லென்ஸின் பின்பகுதியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்க முடிந்தது. லென்ஸ் கைக்கு அடக்கமாக, கோடுகள் வளையாமல் அமைந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் மூலைக்குப் போகும் ஒளி அங்கே மிகவும் சாய்வாக விழும். ஃபிலிமுக்கு முன்னால் எதுவும் இல்லை, எனவே சிக்கலும் இல்லை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் ஃபில்டரும் கண்ணாடியும் அடுக்காக உண்டு. உங்கள் சோனியில் அது சுமார் 2 மி.மீ.; லைக்கா எம்9-இல் 0.8 மி.மீ.தான். தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்த ஸ்பூன் ஒடிந்தது போல் தெரிகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது: சாய்வாக வரும் கதிர் தடித்த கண்ணாடிக்குள் நகர்ந்து, ஒரு புள்ளியில் குவிய வேண்டியது கோடாக இழுபடுகிறது. சோனிக்கென்றே செய்த லென்ஸ்கள் அந்தக் கண்ணாடியையும் கணக்கில் சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது அப்படி அல்ல.

ரோஸ் நிறமும் இதே சாய்வால் வருவதுதான். சாய்ந்து வரும் ஒளி தன் பிக்சலில் விழாமல் பக்கத்து நிறப் பிக்சலுக்குள் கசிகிறது. ஓரம் இருட்டடிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த வகை 21 மி.மீ. லென்ஸில் மூலைக்கு ஒளி 45 டிகிரிக்கும் சற்று மேலான கோணத்தில் போவதால், வெறும் வடிவியல் கணக்கிலேயே இரண்டு ஸ்டாப் குறைந்துவிடும், அதாவது ஒளி கால்வாசியாகிவிடும். அதைக் குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

இனி சோதனை. செங்கல் சுவரை விட்டுவிடுங்கள். இணையத்தில் எல்லோரும் சுவரைத்தான் எடுக்கிறார்கள், அதனாலேயே பாதிப் பேர் நல்ல லென்ஸைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் கேமரா சுவருக்கு 5 டிகிரி கோணலாக நின்றாலே, படத்தின் ஒரு ஓரம் ஏழு செ.மீ. கிட்டேயும் மறு ஓரம் ஏழு செ.மீ. எட்டவும் போய்விடும். அந்த வித்தியாசமே ஒரு பக்கத்தை மங்கடிக்கப் போதும். சுவரைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், சுவரில் தட்டையாக ஒட்டினாற்போல் ஒரு முகக்கண்ணாடியை மாட்டுங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் தெரியும் வரை கேமராவைத் திருப்புங்கள்; அப்போதுதான் அது சுவருக்கு நேர். ஆனாலும் 21 மி.மீ. லென்ஸை யாரும் சுவரெடுக்க வாங்குவதில்லை. தூரத்தில் எப்படி என்பதுதான் கேள்வி.

அதற்கு வாகான பொருள் செல்போன் டவர். ஒல்லியான இரும்புக் கம்பிகள், குறுக்குச் சட்டங்கள், போல்ட்டுகள், எல்லாம் வானத்தின் பின்னணியில். நூறு மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். இருநூறு என்றால் இன்னும் நல்லது. காலை ஏழு, ஏழரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் மொட்டை மாடியிலிருந்து எழும் அனல் கம்பிகளை நெளிய வைக்கும், நீங்கள் லென்ஸைச் சந்தேகிப்பீர்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

கேமராவை டிரைபாடில் மாட்டி, ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற மெனுவை இயக்குங்கள். இல்லாவிட்டால் அடாப்டருடன் கேமரா கிளிக் ஆகாது. கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெடிஷாட் அணைக்கப்பட வேண்டும். ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), இரண்டு நொடி டைமர். விளிம்புகளில் நிறம் மினுக்கிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் அணைத்துவிடுங்கள். வைட் லென்ஸில் அது பாதிப் படத்தை ‘ஷார்ப்’ என்று பொய் சொல்லும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்வதுதான் சரி.

முதல் சுற்று: டவரை நடுவில் வைத்து, லென்ஸ் துளை முழுதாகத் திறந்த எஃப்/4-இல் ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டி, லென்ஸின் தூர அளவுகோல் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படம். பிறகு டிரைபாட் தலையை மட்டும் திருப்பி, அதே டவர் உச்சியை மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது மூலைகளுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு படம். விளிம்பின் கடைசி நுனி வேண்டாம். நீள அகலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள். துளையைக் குறைத்து, இதையே எஃப்/8-இலும் செய்யுங்கள். மொத்தம் பத்துப் படங்கள்.

இரண்டாம் சுற்று: டேப்பை எடுத்துவிட்டு, டவர் ஒவ்வொரு மூலையில் இருக்கும்போதும் அங்கேயே பெரிதாக்கி, திரும்ப ஃபோகஸ் செய்து, எஃப்/4-இல் ஒரு படம். ஒவ்வொரு தடவையும் அளவுகோலில் எங்கே நின்றது என்று குறியுங்கள். இந்த நான்கு குறிப்புகளைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். விடை அதில்தான் இருக்கிறது.

கணினியில் 100 சதவீத அளவில் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: மூலையில் டவர் வெளிப்பக்கமாக நீண்டு தெரியும். 45 டிகிரியில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எல்லா வைட் லென்ஸிலும் அப்படித்தான், அது மங்கல் இல்லை. போல்ட் நீள்வட்டமாகத் தெரிந்தாலும் அதன் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்கு மூலையும் ஒரே அளவுக்கு இழுபட்டு, மூலையிலேயே ஃபோகஸ் செய்தும் ஓரளவுதான் தேறி, எஃப்/8-இலும் முழுதாகச் சரியாகவில்லை என்றால், அது சென்சார் கண்ணாடியின் வேலை. லென்ஸ் நிரபராதி. மூலையில் ஃபோகஸ் செய்ததும் நான்கும் ஒன்றுபோல் கூர்மையாகிவிட்டால், குவியும் தளம் வளைந்திருக்கிறது என்று பொருள். அதுவும் வடிவமைப்பில் வருவதே தவிரக் கோளாறு அல்ல. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கி, இடப்பக்க மூலைகளும் வலப்பக்க மூலைகளும் அளவுகோலில் வேறு வேறு இடத்தில் ஃபோகஸ் ஆனால், எங்கோ ஏதோ சாய்ந்திருக்கிறது. அப்போதுதான் திருப்பி அனுப்புவது பற்றிப் பேச வேண்டும்.

ஆனால் அங்கேயும் அவசரப்படாதீர்கள், அடாப்டர் இருக்கிறது. லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம் எம் மவுண்டில் 27.80 மி.மீ., சோனியின் ஈ மவுண்டில் 18 மி.மீ. எனவே அடாப்டர் 9.80 மி.மீ. இருக்க வேண்டும், சுற்றிலும் ஒரே தடிமனாக. எஃப்/4-இல் சென்சார் பக்கம் ஃபோகஸ் பொறுத்துக்கொள்ளும் பிசகு முன்னும் பின்னும் ஏறத்தாழ 0.02 மி.மீ.தான். மலிவு அடாப்டரின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.1 மி.மீ. தடித்திருந்தால் போதும், அருமையான லென்ஸும் ஒரு பக்கம் மங்கும். முதலில் அடாப்டரின் பொடி ஸ்குரூக்களை இறுக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லையா? கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்ன? மைக்ரோமீட்டர் இருக்கும் பட்டறையில், லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் கேமராவில் உட்காரும் முகத்துக்கும் நடுவே நான்கு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். நான்கு எண்களுக்குள் 0.02-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள். ஸ்கேலும் சாதாரண வெர்னியரும் இதற்கு உதவாது.

பெரும்பாலான அடாப்டர்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லியதாகத்தான் செய்கிறார்கள். தடித்துவிட்டால் லென்ஸ் முடிவிலிக்கு, அதாவது வெகு தூரத்துக்கு, ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் சண்டைக்கு வருவார். மெலிந்தால் யாரும் கவனிப்பதில்லை. விளைவு: 0.1 மி.மீ. குறைவான அடாப்டரில், தூரத்து டவர் கூர்மையாகத் தெரியும்போது உங்கள் லென்ஸின் அளவுகோல் நாலரை மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். வளையத்தை முடிவிலிக் குறி வரை திருகிவிட்டு எடுக்கிறவர்களுக்குப் படம் முழுக்கக் கலங்கல். முதல் சுற்றில் அளவுகோலை எழுதச் சொன்னது இதற்காகவும்தான். மெலிவு எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் பாதகமில்லை, வளையத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். சாய்வுதான் ஆபத்து.

வேறொரு நல்ல அடாப்டரிலும் அதே மூலை மங்குகிறதா? அப்படியானால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது. இது எப்படி வரும் தெரியுமா? கீழே விழுந்ததாலும் வரும். அதைவிட அதிகமாக, பிரித்து மூடிய கைகளால் வரும். “ஓபன் பண்ணாத பீஸ் சார்” என்று சொல்லி விற்றதை எடுத்து, முன்பக்கப் பெயர் வளையத்தின் உள்விளிம்பையும் பின்புற வளையத்தில் உள்ள இரண்டு வெட்டுகளையும் பாருங்கள். பெயிண்ட் உதிர்ந்து உலோகம் மினுங்கினால், ஸ்பேனர் வழுக்கியிருக்கிறது. பூஞ்சையைத் துடைக்கத் திறப்பார்கள். திரும்ப மூடும்போது அச்சைச் சரிபார்க்கும் கருவி இருக்காது, கண்ணளவில் திருகிவிடுவார்கள். துடைத்த லென்ஸ் பளபளப்பாக இருக்கும், மூலை போயிருக்கும். ‘சர்வீஸ் செய்தது’ என்ற வார்த்தைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எங்கே, எந்தக் கருவியில் என்று கேளுங்கள், பதில் வராது.

வியாபாரிகள் அனுப்பும் மாதிரிப் படங்களும் அப்படியே. எஃப்/8, நடுவில் ஒரு பூ, வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த ஜேபெக். அதில் பால் பாட்டில் அடிப்பாகம்கூட நல்ல லென்ஸாகத் தெரியும். எஃப்/4-இல் எடுத்த தூரக் காட்சியின் ரா ஃபைலைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். கூடவே லென்ஸின் பின்னாலிருந்து எல்இடி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்துவிடுங்கள். உள்ளே பால் போன்ற மூட்டமோ நூல் படர்ந்தது போன்ற பூஞ்சையோ இருந்தால் தெரிந்துவிடும்.

கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பலாம், வாரங்கள் கழித்து ‘நிர்ணயித்த அளவுக்குள் உள்ளது’ என்று ஒரு சீட்டோடு திரும்பி வரும். அந்த அளவு எவ்வளவு? இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எத்தனை மைக்ரான் வித்தியாசம் வரை நல்லது? அதைச் சீட்டில் எழுத மாட்டார்கள். லட்ச ரூபாய் லென்ஸுக்கும் இதே கதிதான். வாங்குகிறவன் டவரைத் தேடி மொட்டை மாடி ஏற வேண்டியிருப்பது அதனால்தான்.

உங்கள் முடிவுக்கு வருவோம். சோதனையில் நான்கு மூலையும் சமமாகக் கெட்டிருந்தால், இந்த ஜோடியைப் பிரிப்பதே நல்லது. ரோஸ் நிறத்தை மட்டும் சமாளிக்கலாம்: லென்ஸ் முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் தகட்டை வைத்து, அதே அபெர்ச்சரில் ஒரு வெற்றுப் படம் எடுத்து, லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ஃபிளாட் ஃபீல்டு திருத்தத்தில் கொடுத்தால் நிறமும் இருட்டும் சமனாகும். இழுபட்ட விவரம் எந்த மென்பொருளாலும் திரும்பாது. சென்சார் கண்ணாடியைப் பிரித்து மெல்லியதாக மாற்றித் தரும் வேலையும் உலகத்தில் நடக்கிறது; செய்தால் சோனிக்கென்றே செய்த வைட் லென்ஸ்களில் மூலைகள் கெடும், வேண்டாம். ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், அதில் இது மூலை வரை வேறு லென்ஸாகத் தெரியும். இல்லையென்றால் அதே கம்பெனி சோனி மவுண்டுக்கென்றே செய்யும் 21 மி.மீ. எஃப்/3.5 கலர் ஸ்கோபார் பக்கம் போங்கள்.

15 சதவீதத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விற்பனைப் பக்கத்தில் ‘சோனி ஃபுல் ஃபிரேமுக்குப் பொருந்தும்’ என்று எழுதியிருந்தாரா, பாருங்கள். எழுதியிருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரி இருக்காது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. வழக்கு என்று போனால் இழுத்தடிப்பார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை வியாபாரிக்கு அனுப்பினால் பல நேரம் பிடித்தம் காணாமல் போகும். பதினான்கு ரா ஃபைல்களையும் ஒரு டிரைவில் ஏற்றி, இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். ஆறாம் நாளுக்குள் அனுப்புங்கள். ஏழாம் நாள் கூரியர் எடுக்க வரவில்லை என்பதும் அவர்களுக்கு ஒரு சாக்கு. பெட்டியில் வைத்து ஒட்டுவதை, லென்ஸின் வரிசை எண் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.