32 ஜிபி ராம் போட்டும் லினக்ஸ் சர்வரில் 16 ஜிபிதான் காட்டுகிறது. ராம் போய்விட்டதா?

அவசரப்பட்டு ராம் மேல் பழி போடாதீர்கள். இதே 16 ஜிபிக்காக ஒரு கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, இப்போது அந்தக் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாமல் இருப்பவன் நான்.

என்னுடையது வீட்டிலேயே அசெம்பிள் செய்த பெட்டி. ஐ5 6500 சிப் (இன்டெல் பிராசஸர்), டெபியன் லினக்ஸ், எட்டு எட்டு ஜிபியாக இரண்டு ராம். இசிசி ராம் (பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ராம்) இல்லாமல் சர்வரா என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சிப் இசிசியை ஏற்காது, உள்ளே இருப்பதும் கல்யாண வீடியோவும் பழைய பாட்டும்தான். சென்னை ரிச்சி தெருவில் இன்னும் இரண்டு எட்டு வாங்கி வந்து, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் செருகினேன். மெமரி எவ்வளவு என்று காட்டும் ஃப்ரீ கமாண்ட் அடித்தால் 15 ஜிபி சொச்சம். (16-க்கு 15 சொச்சம் காட்டுவது கோளாறு இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலும் ஆன்போர்டு கிராஃபிக்ஸும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.) முன்னும் 16, பின்னும் 16. புதிய இரண்டும் செத்தவை என்றுதானே யாருக்கும் தோன்றும்?

கடைக்காரர் தன் மெஷினில் போட்டுக் காட்டினார். இரண்டும் ஓடின. "லினக்ஸ்னா அப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுப் பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். கத்தி, வேறு ஜோடி வாங்கி வந்தேன். வீட்டில் அதே 16.

அதற்கப்புறம்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டிஎம்ஐடீகோட் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராம்) எழுதி வைத்த பட்டியலை அப்படியே காட்டும். அதில் 32 வந்து ஃப்ரீயில் மட்டும் 16 என்றால், கிரப் (லினக்ஸைத் துவக்கும் புரோகிராம்) வரியில் எப்போதோ சோதனைக்குப் போட்ட 'மெம்' என்ற மெமரி கட்டுப்பாடு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அதிலேயே 16-தான். அதாவது பயாஸுக்கே தெரியவில்லை, லினக்ஸ் பாவம் என்ன செய்யும்? ராம் ஸ்லாட்டுகள் ஏ, பி என்று இரண்டு சேனலாக, அதாவது சிப்புக்குப் போகும் இரண்டு தனிப் பாதையாகப் பிரிந்திருக்கும். காலி என்று வந்த ஸ்லாட் இரண்டும் பி சேனல். அவற்றில் இருந்ததோ பழைய ராம் ஒன்று, புதியது ஒன்று! மூன்று வருடம் ஓடிய பழையதை மட்டும் பி-யில் போட்டால் திரையே வரவில்லை. ஏ-யில் போட்டால் ஜோராக ஓடியது.

ஒரு சேனல் மொத்தமாகப் போனால் சிப் உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் டெஸ்க்டாப்பில் மெமரி கன்ட்ரோலர் 2008-லேயே சிப்புக்குள் போய்விட்டது. ராம் ஸ்லாட்டிலிருந்து கம்பி நேராக சாக்கெட் பின்னுக்குத்தான் வருகிறது. அந்த சாக்கெட்டின் 1151 பின்னில் ஒன்று மடங்கினாலும் போதும்.

சாக்கெட் பின் எப்படி மடங்கும் என்கிறீர்களா? ராம் போட்ட அன்றே, வேலையோடு வேலையாக சிப்பைக் கழற்றி, சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றியிருந்தேன். திரும்ப வைக்கும்போது கை நழுவி ஒரு மூலை சாக்கெட்டில் இடித்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இப்போது போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வரிசையில் ஒரே ஒரு பின் மட்டும் மின்னவில்லை. மகளுடைய மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழல் முனையால் நிமிர்த்தினேன். அரை மணி நேரம் ஆனது. உடைந்தால் போர்டே போயிற்று, அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். செல்போன் ரிப்பேர் செய்பவர் யாராவது தெரிந்தால் அவரிடம் மைக்ராஸ்கோப் இருக்கும், அதுவே நல்லது.

ராத்திரி முழுக்க, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழை இல்லை. இப்போது ஃப்ரீயில் 31.

சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தக் கடைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. பில் கேட்டதற்கு "பில்லுன்னா 18 பர்சென்ட் சேரும் சார்" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் விலையைக் கிறுக்கிக் கொடுத்தார். லைஃப்டைம் வாரண்டி என்கிறார்கள், பில் இல்லாமல் அதை யாரிடம் போய்க் கேட்பது? ராம் மாற்றப் போன அன்று இதற்காகச் சண்டை போட்டிருந்தாலாவது நியாயம் என் பக்கம் இருந்திருக்கும்.