2023-ல் அவ்வளவு நட்சத்திரங்கள் இருந்தும் அமெரிக்க பேஸ்பால் அணியான சான் டியேகோ பேட்ரெஸ் பிளேஆஃபுக்குப் போகாதது ஏன்?

எடுத்த ரன் 752, கொடுத்த ரன் 648. 104 ரன் மிச்சம் வைத்த அணிக்குக் கிடைத்தது 82 வெற்றி, 80 தோல்வி. அவர்கள் ஆடும் நேஷனல் லீகின் கடைசி வைல்டு கார்டு இடம் (டிவிஷனில் முதலாக வராத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) 84 வெற்றி பெற்ற அரிசோனாவுக்குப் போனது. அரிசோனாவோ எடுத்ததைவிட 15 ரன் அதிகமாகக் கொடுத்த அணி. கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் மாதிரி கைகொடுக்க பேஸ்பாலில் எதுவும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்த ரன்னின் வர்க்கம், கொடுத்த ரன்னின் வர்க்கம் இரண்டையும் கூட்டுங்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒரு சீசனின் ஆட்ட எண்ணிக்கையான 162-ஆல் பெருக்குங்கள். பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸ் தந்த இந்தச் சூத்திரப்படி பேட்ரெஸுக்கு 93 வெற்றி வந்திருக்க வேண்டும். நாலைந்து முன்பின் போவது சகஜம். பதினொன்று போவது அபூர்வம்.

அந்தப் பதினொரு வெற்றி எங்கே போனது? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த 32 ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. மற்ற 130-ல் 73–57. அந்த 32-ஐச் சரிபாதி ஜெயித்திருந்தாலே 89 வெற்றி ஆகியிருக்கும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலையில் நின்று கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்களில் 2–12 (இதில் சில முந்தைய கணக்கிலும் வருபவை, இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்). அதே வருடம் மயாமி ஒரு ரன் ஆட்டங்களில் 33–14 எடுத்து, 57 ரன் பற்றாக்குறையோடு பிளேஆஃப் ஆடியது.

இதில் பாதி அதிர்ஷ்டக் குறைவுதான், சந்தேகமில்லை. மீதி அணியைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. சோட்டோ, மச்சாடோ, டாடிஸ், போகார்ட்ஸ் என்று பேட்டிங் மேல்வரிசையில் பணத்தைக் கொட்டினார்கள். அடி விழுகிற நாளில் பத்து ரன் வரும். ஆனால் ஐந்தே போதும் என்ற ஆட்டத்தில் மீதி ஐந்து புள்ளிப்பட்டியலில் எங்கும் ஏறாது. டிஎச் (பேட்டிங் மட்டும் செய்பவர்) இடத்துக்கு நம்பிய நெல்சன் குரூஸை ஜூலையில் அனுப்பிவிட்டார்கள், மேட் கார்பென்டரின் பேட்டிங் சராசரி .200-ஐக்கூடத் தொடவில்லை.

பிட்சிங்கிலும் அதே கதை. பிளேக் ஸ்னெல் 2.25 இஆர்ஏ-வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் சராசரி ரன், பிழையால் வந்தவை நீங்கலாக) சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், ஆனால் 32 ஆட்டத்தில் வீசியது 180 இன்னிங்ஸ். ஆறு இன்னிங்ஸ்கூடச் சராசரி வராது. மீதியை ரிலீவர்கள்தான் (இடையில் வந்து வீசும் பிட்சர்கள்) இழுக்க வேண்டும். கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் குளோசர் ஜாஷ் ஹேடரின் இஆர்ஏ 1.28 என்றாலும், அவர் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸோடு சரி. சமநிலையில் ஒன்பதாவதை அவர் முடித்துவிட்டால் பத்தாவதற்கு அந்தத் தரத்தில் ஆள் கிடையாது. அங்கேயோ விதிப்படி எதிரணி ஓட்டக்காரர் இரண்டாம் பேஸில் நின்றபடிதான் இன்னிங்ஸே தொடங்கும்; ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுக்கத் தெரியாத பிட்சர் ஒரு சிங்கிளில் ஆட்டத்தை விட்டுவிடுவார். அந்த வேலைக்கு வைத்திருந்த ராபர்ட் சுவாரெஸ் முழங்கைக் காயத்தால் ஜூலையில்தான் வந்தார்.

டிரெஸ்ஸிங் ரூம் ஒற்றுமை, மேனேஜர் பாப் மெல்வின் பற்றியெல்லாம் நிறையப் பேசினார்கள். நான் அதற்குப் பெரிய எடை தரமாட்டேன். சோட்டோ, ஸ்னெல், ஹேடர் மூவரும் போன பிறகு 2024-ல் இதே அணி 93 ஆட்டம் ஜெயித்தது. அந்த ஜூலையில் அவர்கள் முக்கியமாக வாங்கியது ரிலீவர்களை: டாம்பா பேயிலிருந்து ஜேசன் ஆடம், 2023-ல் ஒரு ரன் ஆட்டங்களை அள்ளிய அதே மயாமியிலிருந்து டேனர் ஸ்காட்.