கல்லூரிப் பாடப் புத்தகச் செலவைச் சட்டப்படி குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

செலவு என்பதை முதலில் நம் ஊர்க் கணக்கில் பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்குக் கீழேயும் பாடநூல் என்று ஒன்றிரண்டும் பார்வை நூல் என்று நாலைந்தும் போட்டிருக்கும். ஒவ்வொன்றும் 500, 600 ரூபாய். முக்கூடலிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் அதை வாங்குவதில்லை. சீனியர் கொடுத்த நோட்ஸ், பழைய கேள்வித்தாள், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மெலிசான கைடு, இதை வைத்தே மூன்று வருடத்தையும் ஓட்டிவிடுகிறார்கள். ஒரு புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து உட்கார்ந்து படித்த அனுபவமே இல்லாமல் டிகிரி வாங்குகிறார்கள். விலை செய்கிற பெரிய கெடுதல் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதே பிள்ளை சில மாதம் கழித்துக் கல்லூரிக்குள் நுழைந்தால் கையில் ஒன்றும் இல்லை. எனக்கு இது பொறுக்கவே இல்லை.

இதற்குத்தான் திறந்த உரிமப் புத்தகங்கள். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளாதாரம், புள்ளியியல் எனப் பல பாடங்களுக்கு இளநிலைப் புத்தகங்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. இயற்பியல் மட்டும் மூன்று தொகுதி. அந்த இயற்பியல் நூலின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்பைப் பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தரும் பொது உரிமம்) வகையில் தாராளமானது: மூல நூலின் பெயரைச் சொல்லிவிட்டால் நகலெடுக்கலாம், அச்சடிக்கலாம், வெட்டலாம், சேர்க்கலாம், தமிழில் பெயர்க்கலாம். யாருக்கும் அனுமதிக் கடிதம் எழுத வேண்டாம்.

மாற்றலாம் என்ற அந்த உரிமை வகுப்பில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். அந்த நூலின் உராய்வுப் பகுதியில் ஒரு கணக்கு, 62 கிலோ எடையுள்ள ஒருவர் பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறார், உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் உரசும்போது எவ்வளவு தடை என்று காட்டும் எண்) என்ன என்று. பனியை எங்கள் பிள்ளைகள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்த ஆளை எடுத்துவிட்டு, லாரியிலிருந்து பலகை சாய்த்து இறக்கும் நெல் மூட்டையைப் போட்டேன். பனியில் குணகம் 0.08 அளவுதான் வரும். பலகையில் சாக்கு உரசும்போது அது பல மடங்கு. ஆகவே சரிவின் கோணத்தையும் மற்ற எண்களையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. அடியில் மூல நூலின் பெயர், உரிமம், 'எடுத்துக்காட்டு மாற்றப்பட்டது' என்ற குறிப்பு. "சாக்கு நனைஞ்சிருந்தா என்ன சார் ஆகும்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். அதையே அடுத்த பயிற்சிக் கேள்வியாகச் சேர்த்துவிட்டேன். கடையில் வாங்கிய புத்தகத்தில் இப்படிக் கை வைக்க முடியாது.

'ஜெராக்ஸ் போட்டால் போதாதா, டெல்லி உயர் நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடம் நடத்துவதற்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதை வைத்து ஒரு நூலைத் திருத்தித் தமிழில் பெயர்த்து இணையத்தில் போட்டுவிட முடியாது. தமிழ் வழியில் பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப்புதானே முக்கியம்? ஆங்கிலப் பத்தியும் அதற்குக் கீழேயே நாலு வரித் தமிழ் விளக்கமுமாகக் கொடுத்துப் பாருங்கள், கைடைத் தேடுவது தானாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா இலவசப் புத்தகமும் ஒரே உரிமத்தில் வருவதில்லை. முன்பக்கத்திலேயே எழுதியிருக்கும், பாருங்கள். 'வணிகம் கூடாது' என்றிருந்தால் அச்சடித்து லாபத்துக்கு விற்கக் கூடாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் நுண்கணித நூல் அந்த வகை. 'மாற்றம் கூடாது' என்றிருந்தால் நீங்கள் செய்த மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. டெலிகிராமில் சுற்றுகிற பிடிஎஃப்களை இதோடு சேர்க்காதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை திருட்டு நகல்.

சரி, யார் செய்வது? ஆசிரியர்கள்தான். அமெரிக்கப் புத்தகம் நம் ஒரு தாளின் ஐந்து யூனிட்டுக்குள் அப்படியே உட்காராது. எந்தப் பகுதி எந்த யூனிட்டுக்கு என்று பிரித்து அடுக்க வேண்டும். இந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை, பலரும் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஒருவரே ஐந்து யூனிட்டையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஆளுக்கொரு யூனிட் எடுத்தால் ஒரு விடுமுறையில் ஒரு தாள் முடியும். முடிந்ததை அதே உரிமத்தில் இணையத்தில் போட்டால் தென்காசியிலோ அம்பாசமுத்திரத்திலோ இருக்கிற ஆசிரியர் அதிலிருந்து தொடரலாம். நகலை இரண்டு பக்கமும் அடித்து ஸ்பைரல் போட்டால், கடைப் புத்தகத்தின் விலையில் பாதிகூட ஆகாது. போனில் படிப்பவர்களுக்கு அதுவும் மிச்சம்.

அப்புறம், உங்களுடையது தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு கூடும்போது திறந்த உரிம நூலைப் பார்வை நூல் பட்டியலில் தள்ளிவிடாமல் பாடநூல் என்ற இடத்திலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். கேள்வித்தாள் எடுப்பவர் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்.