இந்திய வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைச் சீனாவில் படிக்கும்போது எப்படி எடுப்பது?

கிளம்பும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். 2020 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகின்றன. வங்கிச் செயலியில் வெளிநாட்டு ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். அடுத்தது, வங்கியில் பதிந்த சிம்மில் ரோமிங்கை இயக்கி, அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடிபி வராவிட்டால் கணக்கில் லட்சம் இருந்தும் பயனில்லை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அங்கே போனதும் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை அலிபே என்ற சீனப் பணம் செலுத்தும் செயலியில் இணைத்துவிட்டால் அன்றாடச் செலவு பெரும்பாலும் ஓடிவிடும். 200 யுவான் வரையிலான பரிவர்த்தனைக்கு அலிபே கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 3 சதவீதம். உங்கள் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் தனி. அந்த விகிதத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கத்துக்கு பேங்க் ஆஃப் சைனா, ஐசிபிசி போன்ற பெரிய வங்கிகளின் ஏடிஎம்களே நல்லது. கிளைக்குள் இருக்கும் இயந்திரத்தை வேலை நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டு சிக்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி உடனே கேட்கலாம். சீன கார்டுகளுக்கு ஆறு இலக்கப் பின் என்பதால் திரையும் ஆறு கேட்கலாம். உங்கள் நான்கு இலக்கத்தை அழுத்தி, உறுதிசெய்யும் பச்சைப் பொத்தானைத் தட்டுங்கள். ரூபாயில் கணக்கிடட்டுமா என்று இயந்திரமோ கடையோ கேட்டால் மறுத்து, யுவானையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதல் லாபம் வைத்துவிடுவார்கள்.

கல்லூரிக் கட்டணத்தை ஏடிஎம்மில் துண்டு துண்டாக எடுத்துக் கட்டாதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் விழும். பெற்றோர் ஊரிலுள்ள கிளை வழியாக ஸ்விஃப்ட்டில் (வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முறை) நேரே கல்லூரிக் கணக்குக்கு அனுப்பட்டும்.